மிஸ் அடிக்கிற ஜீப்பு

சிரிக்காத கோவிந்தண்ணே. ஜீப்பு மேல தப்பு இல்ல, ரிப்பேரு பாத்த உன் மேலயும் தப்பு இல்ல. எல்லாம் எங்க வூட்டுக்காரரு மேலதான். அதச் சொல்லத்தான் புதூர்நாட்டு மலையிலேர்ந்து எறங்கி வந்தேன்.

ஆமா, அவரு ஜீப்ப விக்கிறேன்னது நெசந்தான். ஆளுகூட பாத்துட்டாரு. வித்துட்டு இன்னா பண்றது, நானும் அவரும் புளியம்பழம் பொறுக்கறதா?

நீயே சொல்லு. சந்தையில ஆளு ஏறட்டும்னு ஒக்காந்துனு இருப்பாரு. ஒரு ஒதறு, அப்பால ஒண்ணுமே இல்ல, அப்பால தொம்முனு ஒரு இடி. ஒடனே ஜீப்பு மிஸ் அடிக்குதும்பாரு. நீயும் ஃபில்டர மாத்துன, மவுண்டிங் ரப்பரு புதுசாப் போட்ட. மலை ஏறும்போது அடிக்கல, நிக்கும்போது மட்டும் இன்னாத்துக்கு அடிக்குதுன்னு தலைய வேற சொறிஞ்ச.

அப்புறம் ஒருநாளு, வூட்டு வாசல்ல ஜீப்புல ஒக்காந்துனு, தோ பாரு அடிக்குது அடிக்குதுன்னு கத்தறாரு. இஞ்சினே ஓடலண்ணே! சாவி என் முந்தானையில முடிஞ்சி கீது. மிஸ் அடிச்சது அவரு நெஞ்சு. அன்னிக்கு எடுத்த கைதான், ஸ்டேரிங்க தொடல. மலையில நெஞ்சு நின்னுட்டா ஏறுன அத்தன பேரும் பள்ளத்துலங்கிறாரு.

இல்லல்ல, பயப்படாத. டாக்டரம்மா ஒயரு ஒட்டி, ஸ்கேனும் பாத்தாங்க. ஒரு துடிப்பு அவசரப்பட்டு முந்திக்கினு வந்துடுதாம். ரத்தம் ரொம்பறதுக்கு முன்னாடி வர்றதால அது சரியாத் தெரியாதாம். அப்பால கொஞ்சம் இடைவெளி. அதுக்குள்ள ரத்தம் நெறைய ரொம்பிடுது, அடுத்தது தொம்முனு வுழுது. நின்னுடுச்சின்னு தோணுமே தவிர நிக்கலியாம். சும்மா ஒக்காந்தாத்தான் நல்லாத் தெரியுமாம். மயக்கம் கியக்கம் வந்தா ஒடனே ஓடியாங்க, டீயக் கொறைங்க, வண்டி தாராளமா ஓட்டுங்கன்னாங்க.

நம்பறாரா? அந்தம்மா சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்ங்கிறாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு. நெஞ்சுல காத வெச்சிப் பாத்துட்டு, வண்டி நல்ல கண்டிஷன்னு ஒரு வார்த்த சொல்லிடு.

எங்கியா? வெளியதான், ஜீப்புல. இல்லண்ணே, டிரைவர் சீட்ல இல்ல, பக்கத்து சீட்ல.

நான்தான் ஓட்னேன். ஏன் முழிக்கற? கல்யாணமான புதுசுல அவரு கத்துக் குடுத்ததுதான். லைசென்ஸா? அத அப்பால கேளு. வளைவுக்கு வளைவு பிரேக்கு பிரேக்குன்னு, ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சினு கத்திக்கினே வந்தாரு. நெஞ்சுல ஒரு தபா கை வெக்கலியே!

எறக்கறது வரைக்கும்தான் எனக்கு வரும். ஏத்தறது அவருதான் ஏத்தணும். சீக்கிரம் வா, மேல போறவங்க கூடையோட நின்னுனு கீறாங்க.