போன் எடுக்காதவர்கள்

எனக்குப் போனில் பேசப் பிடிக்கும். ஆய்வகத்தில் யாரும் தொடாத வேலை அது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புற்றுநோய்க் கட்டியின் மரபணுவைப் படித்து, யார் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்வது எங்கள் ஆராய்ச்சி. ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் அறுவைசிகிச்சையே போதும், கீமோ வேண்டாம் என்பது என் யோசனை. மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கும்போது தோன்றியது. சரியாக இருக்குமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

அந்த மாற்றம் உள்ள அறுபத்திரண்டு பேர் கீமோ இல்லாமல் இருக்கச் சம்மதித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களை அழைப்பேன். பேசினால் தேதியைக் குறிப்பேன். இறந்துவிட்டார் என்றால், எத்தனை பேர் உயிரோடு என்று காட்டும் வரைபடத்தில் கோடு ஒரு படி இறங்கும். போனை எடுக்காவிட்டால், கடைசியாகப் பேசிய நாளில் உயிரோடு இருந்தார் என்று எழுதி விட்டுவிடுவோம். கோடு இறங்காது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, எல்லா ஊரிலும் இப்படித்தான்.

"தம்பி, நீ கூப்பிட்டாத்தான் மூணு மாசம் ஓடினதே தெரியுது. எனக்கு நீதான் காலண்டர்" என்று சிரிப்பார் தையல்கார அம்மா. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு இருமலாக மாறி, நிற்கவே இல்லை. அடுத்த தடவை அழைத்தபோது, இரண்டாவது மணி அடித்ததும் வைத்துவிட்டேன். 'எடுக்கவில்லை' என்று எழுதினேன். எடுக்கவில்லைதானே.

பிறகு அதை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். இருமுகிறவர்கள், எடை குறைந்தவர்கள், மனைவி எடுத்து "அவர் தூங்குறார்" என்று சொல்கிற வீடுகள், இவர்களுக்கு இரண்டே மணி. மற்றவர்களுக்குப் பன்னிரண்டு. மொத்தம் பதினேழு பேர்.

அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நின்றது கோடு. யாரிடமும் பல்லைக் காட்டாத எங்கள் தலைமை விஞ்ஞானி, தாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடைவழியில் குதித்தார். "டேய், இறங்கவே மாட்டேங்குதுடா!" ரப்பர் கையுறைகளை ஊதிப் பறக்கவிட்டோம். அந்த மாதம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். கட்டுரை வந்ததும், அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மருத்துவமனைகள் கீமோவை நிறுத்தின. எத்தனை பேருக்கு என்று தெரியாது. அவர்களை அழைப்பது என் வேலை இல்லை.

அடுத்த ஆண்டு என் அக்காவுக்குக் கட்டி வந்தது. ரிப்போர்ட்டில் அதே மாற்றம்.

"டேய், இந்த மாற்றம் நீ கண்டுபிடிச்சதுதானே? அப்போ என் முடி கொட்டாதா?"

"கொட்டாதுக்கா."

"சத்தியமா?"

பூட்டை மூன்று தடவை இழுக்கிற நான், "சத்தியமா" என்று ஒரே தடவையில் சொன்னேன்.

அவள் பின்னலை அவிழ்த்து உதறினாள். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். நானும் சேர்ந்துகொண்டேன். மூவரும் தலைசுற்றி சோபாவில் விழுந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள், விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவிலா? எனக்கு மனசு வரவில்லை.

பதினேழு பேரில் பதினான்கு பேர் இப்போது இல்லை என்கிறீர்கள். விசாரித்திருக்கிறீர்கள், சரியாகத்தான் இருக்கும். ஆமாம், நான் தெரிந்தேதான் போனை வைத்தேன். ஆனால் யாருடைய சாவையும் நான் மறைக்கவில்லை. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை அக்கா போனில் பேசும்போது இருமினாள்.

மேசைமேல் அதிர்வது என் போன்தான். "அத்தான்னு வருதே, எடுங்க" என்கிறீர்கள். காலையிலிருந்து ஒன்பதாவது தடவை. இருக்கட்டும், தானாக நின்றுவிடும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்: அக்கா, கடைசியாகப் பேசியது வியாழக்கிழமை, உயிரோடு இருக்கிறாள்.