கரையேறியதும் ஒரு ரிங்

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். திகனயிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நனைந்த காற்சட்டையோடு இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"ஜிபிஎஸ்ஸ வெள்ளைக்காரர் கழுத்துலயே மாட்டி விட்டுட்டேன், மச்சான்."

"விக்டோரியா டேம் தண்ணியில அவங்கள தோணியில கூட்டிட்டுப் போறவன் நீ. வழி காட்டுற மெஷின் ஒன் கையிலதானே இருக்கணும்?"

"தோணிய எந்தப் பக்கம் திருப்பணும்னு அது சொல்லும். 'தமிழனுக்கு இது எதுக்கு'ன்னு கரையில ஆமிக்காரன் கேட்டா, அது வந்து பதில் சொல்லுமா?"

"வழி தெரியாட்டி?"

"அவர்கிட்டதான் கேப்பேன். கூட்டிட்டுப் போனவனுக்கே வழி தெரியலன்னு ஊருல போய்ச் சொல்லுவாரு. சொல்லட்டும்."

"வீட்டுல பயப்பட மாட்டாங்களா?"

"நடுத்தண்ணியில சிக்னல் இல்ல. கரையேறினதும் ஒரு ரிங் குடுத்துட்டு கட் பண்ணிருவேன். வந்துட்டேன்னு அவளுக்குத் தெரியும். இன்னைக்கும் குடுத்தாச்சு."

ஆமி செக்பொயின்டில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறினோம். தோணிக்காரரை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். கடைசியாக வந்து உட்கார்ந்தவர், போனை எடுத்து ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினார்.

"கரையேறினப்பவே குடுத்தேன்னியே?"

"அது தண்ணியத் தாண்டினதுக்கு, மச்சான்."