பரிசீலனையில் உள்ளது

இல்லை மிஸ், முழுக் கேக்கையும் நான் சாப்பிடவில்லை. ஒரு துண்டுதான். அதுவும் ஐறீன் படியிறங்கிப் போன பிறகு, நான் பொலிஸுக்குப் புறப்படுவதற்கு முன்னால். வெறும் வயிற்றோடு முறைப்பாடு எழுதப் போனால் எனக்குச் சொற்கள் சரியாக வருவதில்லை. மீதியை மேல்மாடியில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல கேக். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய கைப்பக்குவத்தைப் பற்றி நான் எங்கேயும் குறைவாகப் பேசியதில்லை.

ஐறீன் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்பவர். அவருடைய தம்பி கிளறன்ஸ் ஒன்பது வருடங்களாக விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். வழக்கு இன்னும் தொடங்கவில்லை. கடந்த ஆறு வருடங்களாக நான் அவருடைய சட்டத்தரணி. அதற்கு முன்னால் இரண்டரை வருடங்களுக்கு மேலாக, அவர்மீது வழக்குப் போடுவதா அவரை விடுவதா என்று தீர்மானிக்கவேண்டிய அரச சட்டவாதி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் சுளிக்காமல் எழுதுகிறீர்கள், மிஸ் சஹ்லா. விசாரணை அதிகாரிக்கு அது பெரிய தகுதி.

கிளறன்ஸ் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். தன்னுடைய கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கேக்குக்காக அக்கா கேட்ட ஐசிங் சீனியை மருதானையில் ஒரு கடையில் நிறுத்து வாங்கிக்கொண்டு வந்தாராம். எண்ணூறு கிராம். பையில் பெயர் ஒட்டியிருக்கவில்லை. வழிச் சோதனையில் நின்றவர்களுக்கு அது போதைத் தூளாகத் தெரிந்தது. அந்தளவு தூள் என்றால் பிணை கிடையாது, சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து ஆலோசனை வரும்வரை. ஆலோசனை எழுதவேண்டிய கோவை, வழக்கின் தாள்களை அடக்கிய மட்டை, என்னுடைய மேசைக்கு வந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மழை. பக்கத்து அறையில் ஒருவருக்குப் பிரியாவிடை விருந்து நடந்ததால் ஒரே சத்தம். அமைதியாக வாசிக்கலாம் என்று கோவையைப் பொலித்தீன் பையில் சுற்றி, நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். கடமையில் அக்கறை இல்லாதவன் அப்படிச் செய்யமாட்டான். வீட்டில் மேசை முழுக்கப் பாத்திரம். ஆகவே கோவையைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. உத்தியோகத்தர் எவரும் எக்காரணம் கொண்டும் கோவைகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது.

நீங்களும் அரச சேவையில் இருப்பவர். உங்களுக்கு விளங்கும். புதன்கிழமை நான் அந்தப் பையோடு வாசலில் நுழைந்தால், சுற்றறிக்கையை மீறியவன் என்று நானே அறிவித்த மாதிரி ஆகிவிடும். அது வாபஸ் வாங்கப்படும்வரை பொறுப்பது என்று முடிவு செய்தேன். சுற்றறிக்கைகள் வாபஸ் வாங்கப்படுவதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மாதாந்த அறிக்கையில் அந்தக் கோவைக்கு நேரே 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினேன். முப்பத்தொரு மாதம் அப்படி எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நான் அவரைப் பற்றி நினைத்தேன்.

ஐம்பது வயதில் வேலையை விட்டு, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஓர் அறை எடுத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்க முடிவுசெய்தேன். என் கோவைகளைப் பௌஸி என்ற இளம் சட்டவாதியிடம் ஒப்படைக்கவேண்டும். பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு. என் கையில் இருநூற்றுப் பதினொன்று. ஒரு வெறும் கோவை மட்டையை எடுத்து, கிளறன்ஸின் இலக்கத்தை அழகாக எழுதி, நடுவில் செருகினேன்.

"எல்லாம் சரியா இருக்கா சேர்?" என்று பௌஸி கேட்டார்.

"எண்ணிப் பாரும்."

"ஐயோ சேர், நீங்க தந்தா அதையும் எண்ணணுமா?"

கையெழுத்துப் போட்டார். எண்ணியிருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும். மட்டைகளை எண்ணுவதுதான் வழக்கம், உள்ளே பார்ப்பதில்லை. ஐந்து மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்து ஞாபகமூட்டல் வந்தபோதுதான் அவர் திறந்து பார்த்திருக்கிறார். உடனே எனக்குக் கோல் எடுத்தார்.

"சேர், அந்தக் கொட்டாஞ்சேனைக் கோவைக்குள்ள ஒண்டுமே இல்ல. வெறும் மட்டை."

"பாரமெடுத்துக் கையெழுத்து வச்சது ஆர் பௌஸி?"

மட்டையைத் திரும்ப மூடுகிற சத்தம் கேட்டது.

"சேர், எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள."

"அதுதான் சொல்லுறன். பரிசீலனையில் உள்ளது எண்டு எழுதும். நீர் பரிசீலிச்சுக்கொண்டுதானே இருக்கிறீர்."

"என்னத்த சேர் பரிசீலிக்க? மட்டையையா?"

"மட்டையிலயும் ஆளின்ட பேர் இருக்குதுதானே."

அவர் நல்ல உத்தியோகத்தர். எழுதினார். இன்றுவரை எழுதுகிறார்.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு ஐறீன் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கேக் டின்.

"சேர், நீங்க முந்தி திணைக்களத்துக்குள்ள இருந்த ஆள் எண்டு சொன்னாங்க. தம்பிட கேஸ் எங்க அடைச்சு நிக்குது எண்டு உங்களுக்குத் தெரியும் தானே?"

"ஓம், தெரியும்" என்றேன்.

உண்மையான பதில். அவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்து, இந்த வழக்கை என்னால் எடுக்க முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும் என்கிறீர்கள். யோசித்தேன் மிஸ். ஆனால் கொழும்பில் இந்த வழக்கை என்னளவுக்கு அறிந்த இன்னொரு சட்டத்தரணி யார்? வேறொருவரிடம் அனுப்பியிருந்தால் அவர் குருடன் மாதிரித் தடவிக்கொண்டிருப்பார். கட்டணமும் வாங்கவில்லை. நீதிமன்றத் தவணைக்குத் தவணை ஒரு கேக், அவ்வளவுதான்.

நான் சும்மா இருக்கவும் இல்லை. ஆலோசனையை விரைவுபடுத்தும்படி திணைக்களத்துக்கு எழுதினேன். பௌஸி பதில் எழுதினார். இருபத்தொரு கடிதங்கள் போயின, இருபத்தொரு கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் ஐறீனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆய்வுகூட அறிக்கையின் பிரதி கேட்டும் விண்ணப்பித்தேன். இரண்டு பிரதிகளும் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. அதுவும் சரிதான். இரண்டும் ஒரே கிளிப்பில், என் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தான் இருந்தன. மிஞ்சிய தூளைத் திரும்பப் பரிசோதிக்கக் கேட்டேன். சான்றுப்பொருள் அறையில் எறும்பு வந்து, பை காலியாகிவிட்டதாம். எறும்புகள் என்று ஒரு குறிப்பே இருக்கிறது. அதை யாரும் சாட்சியமாக எடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எறும்பை நம்பி ஒரு வழக்கு நடத்த முடியாது.

கிளறன்ஸை மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். வேறு எந்தச் சட்டத்தரணி அப்படிப் போகிறார்? அவர் முறையிடுகிறவர் இல்லை. ஒரு தடவை சொன்னார்:

"சேர், பொக்கெட் அடிக்கிற ஒருத்தன் ஆறு தரம் உள்ள வந்து ஆறு தரம் வெளிய போயிட்டான். ஒவ்வொரு தரமும் 'அண்ணே, நீங்க இன்னும் இங்கயா?' எண்டு கேக்கிறான். எனக்கு வெக்கமா இருக்கு சேர்."

"என்ன சொன்னீர்?"

"சட்டத்தரணி திறமான ஆள், கொஞ்சம் பொறு எண்டன். இப்ப அவன் உங்கட நம்பர் கேக்கிறான்."

நம்பரைக் கொடுத்தேன்.

கிளறன்ஸ் கட்டவிருந்த பெண் டில்ஷானி, நான்கு வருடம் காத்திருந்துவிட்டு வேறொருவரைக் கட்டினார். அந்தக் கல்யாணத்துக்கும் ஐறீன்தான் கேக் செய்தார். மூன்று தட்டு. எனக்கும் அழைப்பு வந்தது. ஒரு மேசை விசிறி கொடுத்தேன். அடுத்த முறை கிளறன்ஸைப் பார்க்கப் போனபோது, "கேக் எப்பிடி சேர்?" என்று மட்டும் கேட்டார். நல்லாயிருந்தது என்றேன். நான் அவரிடம் பொய் சொன்னதே இல்லை.

இனி அந்தச் சனிக்கிழமை. டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு. ஐறீன் அறிவிக்காமல் என் ஃபிளாட்டுக்கு வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்கியது. தேத்தண்ணீருக்குப் பால்மா இல்லை, கீழே கடைக்குப் போய் வந்தேன். பத்து நிமிடம். அந்த இடைவெளியில் அவர் தன்னுடைய பழைய கேக் டின்களைத் தேடியிருக்கிறார். நான் திருப்பிக் கொடுக்காதவை. அவை குளிர்சாதனப் பெட்டியின் மேல், கோவையின் மேல் அடுக்கி இருந்தன.

நான் திரும்பி வந்தபோது கேக் மேசையில் இருந்தது. அவர் இல்லை. டின்கள் இருந்தன. கோவை இல்லை.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? என் வீட்டிலிருந்து ஓர் அரச ஆவணம் களவு போயிருக்கிறது. இருபத்துநான்கு வருடம் அரசுக்காக வழக்காடியவன் பேசாமல் இருக்க முடியுமா? கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் பொலிஸுக்குப் போனேன். முறைப்பாட்டைச் சிங்களத்திலேயே எழுதினேன். என் சிங்களம் சுத்தமானது என்று சார்ஜன்ட் சொன்னார். அந்தப் படிவத்தில் என்ன களவு போனது, எப்போது, என்ன பெறுமதி என்று கேட்டிருந்தது. அது உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்கும் இடம் அதில் இல்லை. இல்லாத கேள்விக்கு நான் எப்படிப் பதில் எழுதுவது?

ஐறீன் தூரம் போயிருக்கவில்லை. காலி வீதி பஸ் தரிப்பில் நின்றாராம். மூன்று பஸ் வந்து போய்விட்டதாம். அவர் கோவையின் ஒன்பதாம் பக்கத்தை, ஆய்வுகூட அறிக்கையை, திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு நின்றதாகப் பிடித்தவர்கள் சொன்னார்கள். பொலிஸ் நிலையத்தில் என்னைக் கண்டதும் எழும்பினார்.

"ஆறு வருஷமா என்ட கையால சாப்பிட்டீங்களே சேர். தம்பி கொண்டுவந்ததும் அதில தூவின மாதிரிச் சீனிதான் எண்டு உங்களுக்கு மட்டும்தானே தெரிஞ்சிருக்கு. ஒரு நாளாவது தொண்டையில அடைக்கலையா?"

"ஐறீன், இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றேன். சந்தேகநபருக்கு எந்தச் சட்டத்தரணியும் கொடுக்கும் முதல் ஆலோசனை அதுதான்.

களவெடுத்த அரச ஆவணத்தை வைத்திருந்ததற்காக அவரையும் விளக்கமறியலில் வைத்தார்கள். கோவை அவருடைய வழக்கின் சான்றுப்பொருள். அரக்கு வைத்து முத்திரை போட்டிருக்கிறார்கள். அந்த வழக்கு முடியும்வரை அதை யாரும் திறக்க முடியாது. அந்த வழக்குத் தொடங்கத் திணைக்களத்தின் ஆலோசனை வேண்டும். அது பௌஸியின் மேசையில் இருக்கிறது. விசாரித்தேன். பரிசீலனையில் உள்ளதாம்.

நீங்கள் மூன்று தடவை கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒன்பதாம் பக்கத்தை நான் எப்போது வாசித்தேன். முதல் நாள், மிஸ். அந்த வெள்ளிக்கிழமை, பஸ்ஸிலேயே. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் பதினொரு பக்கமும் முடிந்துவிட்டது. சீனி, சோளமா, வேறெதுவும் இல்லை என்று இருந்தது. பம்பலப்பிட்டி வரும்போது, இந்த மனிதர் திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மழைக்குள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. இரக்கமில்லாதவனுக்கு அது வருமா?

இப்போது நீங்கள் தள்ளிவைக்கிற இந்த வெள்ளைத்தாளைப் பற்றி. ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், முத்திரையை உடைக்காமலே கிளறன்ஸை விடச்செய்யலாம் என்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அப்படி எழுதினால் நான் சாட்சி. தன் கட்சிக்காரரின் வழக்கில் சாட்சியாக நிற்பவர் அதே வழக்கில் சட்டத்தரணியாகத் தோன்ற முடியாது. அது தொழில் ஒழுக்கம். நான் விலகிவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அக்காவும் உள்ளே. அக்கா என்னை வேண்டாம் என்று நீதவானிடம் சொன்னது உண்மை. அது வேதனையில் சொன்னது. நான் பெரிதாக எடுக்கவில்லை.

தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னை இங்கே தடுத்து வைத்திருப்பதைப் பற்றி நான் முறையிடவில்லை, எனக்கு ஒன்றே ஒன்று செய்தால் போதும். வருகிற பதினேழாம் திகதி இருவருடைய வழக்குகளும் ஒரே காலையில் கூப்பிடப்படுகின்றன, ஒன்று கீழ்த்தளத்தில், மற்றது மூன்றாம் மாடியில். அவர்களுக்காக எழும்பி நிற்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அந்த ஒரு நாளைக்கு மட்டும், காவலோடு என்றாலும் பரவாயில்லை, என்னைக் கோர்ட்டுக்குப் போக விடுவீர்களா மிஸ்?