பந்து கட்டாத மின்கம்பி

மேடையில் வீற்றிருக்கும் விவசாயிகள் சங்கத் தலைவர் ஆத்மநாதன் அவர்களே, எங்கள் ஆய்வுக் குழுத் தோழர்களே, வேலையைப் போட்டுவிட்டு இந்தத் திருவரங்குளம் மண்டபத்தில் திரண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நான் செம்மல். முனைவர் ஷர்லி அவர்களோடு நிலத்தடி ஆய்வில் வேலை பார்த்தவன். அவருடைய இந்த இரங்கல் கூட்டத்துக்கு அழத்தான் வந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது!

முனைவர் ஷர்லி என்ன செய்தார்? ஹெலிகாப்டருக்கு அடியில் பெரிய வளையமொன்றைத் தொங்கவிட்டு, நம் வயல்களுக்கு மேலே தாழப் பறந்தார். அந்த வளையம் மின்காந்த அலைகளை மண்ணுக்குள் அனுப்பும். மண் தரும் எதிரொலியை வைத்து, அடியில் இருப்பது பாறையா, களியா, நீர் ஊறும் மணலா என்று சொல்லிவிடுவார்.

முதல்முறை வந்தபோது எங்கள் ஜீப்பை மறித்தது நீங்கள்தானே? இதோ முன்வரிசையில் இருக்கும் மருதாயி அம்மா கேட்டார்: "என்னத்தத் தேடி இங்கிட்டும் அங்கிட்டும் பறக்குறீங்க? எண்ணெய் எடுக்குறோம்னு எங்கள வெரட்டப் போறீங்களா?"

போலீசைக் கூப்பிடலாம் என்றார்கள் சிலர். ஷர்லி மறுத்துவிட்டார். வெயிலில் தரையிலேயே உட்கார்ந்தார். "தண்ணிதாங்கம்மா தேடுறோம். நானும் கறம்பக்குடிக்காரிதான். ஒங்க போரு ஏன் வத்துதுன்னு தெரிய வேணாமா?"

அவர் காட்டிய இடத்தில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரைத்தானே இன்று நீங்கள் குடிக்கிறீர்கள்?

அப்படிப்பட்டவரைக் கொன்றது எது? விராலிமலைப் பக்கம், தைலமரக் காட்டுக்கு மேலே புதிதாக இழுத்த மின்கம்பி. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அதில் சிவப்புப் பந்துகள் கட்டும்வரை பறக்க மாட்டேன் என்று, எங்கள் ஆய்வை ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் மேலாளரிடம் கண்டிப்பாகச் சொன்னார். வேலை நின்றது. அடுத்த வாரம் அந்த மேலாளரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"கட்டியாச்சு மேடம். நானே போய்ப் பாத்துட்டேன். கெளம்புங்க."

நம்பினார். ஏறினார்.

வளையம் கம்பியில் சிக்கியது. ஹெலிகாப்டர் மரங்களுக்குள் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், விமானி வெற்றிசெல்வன் இடுப்பு முறிந்து முனகிக்கொண்டிருக்கிறார். ஷர்லியிடம் மூச்சில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கம்பியில் ஒரு பந்து இல்லை! ஒன்றுகூட இல்லை!

நிறுவனம் சொல்கிறது, இது விபத்தாம்! விமானியின் கவனக்குறைவாம்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் புரண்டு படுக்க முடியாமல் கிடப்பவர் தலையில் பழி! பொய் சொல்லி ஒருவரைச் சாவுக்கு அனுப்புவதற்குப் பெயர் விபத்தா? நீங்களே சொல்லுங்கள், விபத்தா?

ஷர்லி அவர்களே, நீங்கள் விட்ட இடத்திலிருந்து விராலிமலை ஆய்வை நாங்கள் முடிப்போம். ஆனால் கம்பியை எங்கள் கண்ணால் பார்க்காமல் எங்களில் ஒருவரும் இனி ஏற மாட்டோம். நான் காதால் கேட்ட அந்தப் பொய்யை விசாரணையில் சொல்வேன், நீதிமன்றத்தில் சொல்வேன், வேலை போனாலும் சொல்வேன்!

அந்த மேலாளர் மாலையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவர்மேல் கை வைக்காதீர்கள்.

மேலாளர் ஐயா, எழுந்திருக்காதீர்கள். அடுத்துப் பேச வருபவர் ஷர்லியைப் பெற்ற சந்தனமேரி அம்மா. உங்களிடம் அவருக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறதாம். உட்காருங்கள். பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.