மாட்டு மணி கட்டிய கார்

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் அவசரப்படக் கூடாது. அதனால் இதையும் நிதானமாகவே சொல்கிறேன். வடக்குப்பட்டு நாகப்பனாகிய நான், வயது அறுபத்தெட்டு, சொல்லப்போவது எழுத்துக்கு எழுத்து சத்தியம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். போலீஸ் ஸ்டேஷனில் சூடம் இல்லை. இதை எழுதிக்கொள்ளும் ரைட்டர் தாவீது பீடி பற்றவைத்த தீக்குச்சியை வாங்கி அணைத்தேன். கொப்புளம் வந்திருக்கிறது, சந்தேகம் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு ஏரிக்கரை ரோட்டில் தாண்டவராயன் கார் மோதிச் செத்தான். காரை ஓட்டியவன், முதலாளிக்கு டிரைவராக இருக்கும் என் மகன் அன்பு. அவன் இப்போது உள்ளே கம்பிக்குப் பின்னால் இருக்கிறான். மருமகள் எழிலரசி வெளியே வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சோறு நேற்று வடித்தது. இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கொன்றவன் நான்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் முதலாளி பாண்டுரங்கன் ஒரகடம் ரோட்டில் ஷெட் போட்டு லாரி பேட்டரி செய்கிறார். வளைகுடாவில் சண்டை வந்து பெட்ரோல் பங்கில் வரிசை நீண்டதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மோட்டாரைப் பூட்டி, பன்னிரண்டு பேட்டரியை அடுக்கிவிட்டார். பேட்டரிக்கு ஆறு மூடி. ஆக எழுபத்திரண்டு மூடி. திங்களும் வியாழனும் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து டிஸ்டில் வாட்டர் ஊற்றுவது, குழாயில் ஆசிட்டை உறிஞ்சிக் கிராவிட்டி பார்ப்பது, பச்சையாகப் பூத்துப்போன முனைகளைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் கழுவி வாசலின் தடவுவது எல்லாம் என் வேலை. ஆசிட் ஓட்டை போடாத வேட்டி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது கட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.

காருக்குத் துளிச் சத்தம் கிடையாது. ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் போய்த் திரும்பிப் பார்த்தால், கூரைமேல் காக்கை ஒன்று முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் நடுரோட்டில் வம்பு பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் காரின் மூக்கில் உட்கார்ந்தபடியே வடக்குப்பட்டு வரை வந்துவிட்டார்கள். பேச்சு முடிந்த பிறகுதான் இறங்கினார்கள்.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். தெற்கேயிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது அவருக்கு.

“பெரியவரே, இது கொலை கேஸு.”

“அதனாலதாங்க ஐயா, ஒண்ணும் வுடாம சொல்லிக்கினு கீறேன்.”

ஜனங்கள் ஒதுங்கட்டும் என்று முதலாளி ஆறு மாட்டு மணி வாங்கி வந்தார். நான் அவற்றை வரிசையாக பம்பரில் கட்டினேன். அதன்பிறகு மணி கேட்டால் மாட்டு வண்டிக்கு ஒதுங்குவதுபோல எல்லோரும் ஒதுங்கினார்கள்.

இனி தாண்டவராயன். எங்கள் ஷெட்டுக்குக் காவல்காரன். மனைவி கிளியம்மாள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை. முதலாளியிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அவன் எனக்குச் செய்த கைம்மாறு என்னவென்றால், கேனிலிருந்த டிஸ்டில் வாட்டரை, கம்பெனித் தண்ணீர் வயிற்றுக்கு நல்லதென்று, குடித்துத் தீர்த்தான். தீர்ந்ததும் ஏரித் தண்ணீரை மொண்டு கேனை நிரப்பி வைத்தான். பதினெட்டு மூடிக்கு ஊற்றிய பிறகுதான் எனக்கு வாசனை தெரிந்தது. அதற்குள் மூன்று பேட்டரி படுத்துவிட்டது. நாகப்பனுக்குக் கண் மங்கிப்போச்சு, வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்றார் முதலாளி.

அன்புவுக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் டீக்கடையில் தாண்டவராயனை மறித்துக்கொண்டான்.

“யோவ், எங்க நைனா வேல பூட்சின்னா நீயா சோறு போடுவ? இன்னாய்யா சிரிக்கிற? ரோட்ல ஒருநாள் மாட்டுவ, அப்ப தெரியும் இந்த அன்பு யாருன்னு!”

அரைமணி நேரம் கத்தினான். தாண்டவராயன் சிரித்த முகமாக டீயை ஊதி ஊதிக் குடித்தான். எல்லாம் முடிந்ததும் அன்புவுக்கும் ஒரு டீ சொன்னான். கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்புவைப் பிடித்து உள்ளே வைத்தது அந்தப் பேச்சுக்காகத்தான். ஆனால் கத்தியவன் அன்பு. கத்தாமல் வீட்டுக்குப் போய் இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டுப் படுத்தவன் நான். எந்த ஆளுக்குப் பயப்பட வேண்டும் என்பது போலீஸுக்குத் தெரியாததா?

“ஒரு கேன் தண்ணிக்கா ஒரு ஆளைக் கொல்லுவீரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஐயா பேட்டரி வச்சுப் பழகாதவரு.”

தை பிறந்தால் கொள்ளுச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பரப்புவார்கள். போகிற வண்டிச் சக்கரமே அடித்துக் கொடுத்துவிடும். தாண்டவராயனும் பரப்பியிருந்தான். ஒன்பது மணியிலிருந்து ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளறுவான் என்று எனக்குத் தெரியும். என் பழைய வேட்டியைக் கிழித்து ஆறு துண்டாக்கி, ஆறு மணியின் நாக்கிலும் இறுகச் சுற்றினேன். ஒரு முடிச்சுகூட நழுவவில்லை. வாசலின் தடவுகிற கைதானே. பிறகு முதலாளி ஒரகடத்தில் காத்திருப்பதாகச் சொல்லி அன்புவை அனுப்பினேன். மணி பேசவில்லை. தாண்டவராயன் திரும்பவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“உம்ம மகன் வேற மாதிரில்லா சொல்லுதான்? மணியும் அடிச்சுதாம், ஹாரனும் விடாம அடிச்சானாம். அந்த ஆளு திரும்பவே இல்லையாம். பிரேக் அடிச்சா கொள்ளுல சக்கரம் வழுக்கிட்டாம். ஹாரன் அடிச்சா எவன்யா நகராம நிப்பான்? பொய் சொல்லுதான்னுதானே உள்ள வச்சிருக்கேன்.”

“ஹாரன் ஒயரையும் நாந்தாங்க புடுங்கினேன்.”

“ஹாரன் வேலை செய்யுது. நானே அடிச்சுப் பார்த்தேன்.”

“திரும்ப மாட்டிட்டேங்க.”

“மணியில துணி எதும் இல்லையே?”

“அதையும் அவுத்துட்டேங்க.”

“எப்போ?”

“கூட்டம் கூடிச்சில்ல, அப்போ.”

“அந்த நேரம் நீர் ஷெட்டுல இருந்தீருன்னு உம்ம முதலாளி சொல்லுதாரு. ஏரிக்கும் ஷெட்டுக்கும் மூணு மைல்.”

“ஓடியாந்தேங்க.”

“அறுபத்தெட்டு வயசுல?”

“ஏரித் தண்ணி குடிச்சு வளந்த ஒடம்புங்க. பேட்டரிக்குத்தான் அது ஆவாது.”

உள்ளேயிருந்து அன்பு, “நைனா, வாணாம் நைனா, கம்முனு வூட்டுக்குப் போ” என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாக்குமூலம் கெட்டிருக்கும்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இன்று வியாழக்கிழமை, மூடி திறக்கிற நாள். மீதி ஒன்பது பேட்டரிக்கு ஐம்பத்து நான்கு மூடி. எந்த மூடி இறுக்கம், எந்த முனை சீக்கிரம் பூக்கும் என்பது எனக்கு அடுத்தபடி அன்புவுக்குத்தான் தெரியும். அவனை விட்டுவிட்டு அந்த இடத்தில் என்னை வைத்தால் போதும். இடம் அதேதான், ஆளும் அதே ரத்தம். கயிறோ ஜெயிலோ, எதுவானாலும் நான் ஆட்சேபணை செய்யவில்லை. தாண்டவராயனுக்கு வாய்க்கரிசி போட வேறு ஆள் இல்லை. அதற்கு மட்டும் ஒருமணி நேரம் விட்டால் போட்டுவிட்டு வந்துவிடுவேன். கொன்றவன் போடக் கூடாது என்று சட்டம் இருந்தால் அன்பு போடட்டும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு தாவீதிடம், “எழுதி முடிச்சுக் கைநாட்டு வாங்கும்” என்று எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வேப்பமரத்தடியில் எழிலரசி தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடினாள்.

தாவீது பேனாவின் மையை உதறினார்.

“பெரியவரே, ஒரு கட்டம் காலியா கீது. செத்தவரோட அங்க அடையாளம். இது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற காயிதம், இதுல காக்கா கதையெல்லாம் வாணாம். தெரிஞ்சத சொல்லு.”

தீக்குச்சியை அணைத்த இடம் இன்னும் எரிகிறது. எழுதிக்கொள்ளச் சொன்னேன். உயரம் ஐந்தரை அடி. இடது தோளில் மாடு முட்டிய தழும்பு. போன வருஷம் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் அடியோடு போய்விட்டது. காவல்காரன் வேலை கிடைக்காமல் போய்விடுமே என்று அதை நான் யாரிடமும், அன்புவிடம்கூட, சொல்லவில்லை.