காய்ந்துபோன மழை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். சன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"டீச்சர், இன்னைக்கு ஒரு பிள்ளை வச்ச மழைய நான் இல்லைன்னுட்டேன்."

"என்ன சொல்லுதீங்க?"

"ரெண்டாம் கிளாஸ்ல மழையும் தவளையும் வார படக்கதை வாசிச்சேன்லா. அதையே இலை, குச்சி வச்சு ஒட்டச் சொன்னேன். எல்லாரும் பூவரச இலையில தவளை, ஈர்க்குச்சியில மழைன்னு ஒட்டிட்டாவ. ஒருத்தி மட்டும் வெறும் தவளைய ஒட்டியிருக்கா. 'மழை எங்கட்டி?'ன்னு நான் கேட்டதுக்கு, 'வச்சேன் டீச்சர்'ங்கா."

"பொய்யா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அவ தாளை மட்டும் சுவத்துல மாட்டல. அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டா. பெறவு பக்கத்துப் பிள்ளை சொல்லுதா, அவ தாளை வராந்தாவுக்குக் கொண்டுபோயி சாரல்ல காட்டிட்டு வந்தாளாம். நான் பாக்கதுக்குள்ள காஞ்சிட்டு."

மற்றவர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு அவ தாளை வராந்தாக் கம்பியில கட்டித் தொங்கவிடப் போறேன். அங்கனதான் சாரல் நல்லா அடிக்கி."

"நல்லா இருக்கு! நனைஞ்சா பசை விட்டு தவளை கீழ விழுந்துருமே?"

"விழட்டுமே. மழை வந்தா தவளை குதிக்கத்தான செய்யும்."