நெவிலோட லேப்டாப்

இல்லைங்க, நான் போலீஸ் இல்ல. அவங்களுக்காக வேலை பாக்கறேன், அவ்ளோதான். ஃபோன், லேப்டாப்பெல்லாம் என்கிட்ட வரும், உள்ள என்ன இருக்குன்னு பாத்து எழுதிக் குடுக்கணும். இன்னிக்கு சாட்சி சொல்ல வந்திருக்கேன். உக்காருங்க, இந்தக் கோர்ட்டுல சொன்ன நேரத்துக்கு எதுவும் நடக்காது.

எப்படிப் பாப்பேனா? ரெண்டு வழி இருக்கு. பேரு, ஊரு, நாலு வார்த்தை குடுத்துட்டா சாஃப்ட்வேரே தேடும். நாப்பதாயிரம் படம் இருந்தாலும் மூணு மணி நேரத்துல சலிச்சு, தேவையானது, தேவையில்லாததுன்னு பிரிச்சு வச்சிடும். மனுஷன் ஒவ்வொண்ணா திறந்து பாத்தா வாரக்கணக்காகும், கண்ணும் அசந்துடும். அதனால அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நெவில்னு ஒருத்தர், இதே ஹோபார்ட் ஊர்க்காரர்தான். மீன் பிடிக்க மலைமேல ஏரிப் பக்கம் போனவர் திரும்பல. அங்க ஏரி ஒண்ணா ரெண்டா, ஆயிரக்கணக்குல கிடக்கு. எந்த ஏரிக்குப் போறார்னு வீட்ல சொல்லல. சனிக்கிழமை காலைல அவர் லேப்டாப் என் மேஜைக்கு வந்துச்சு. டார்சின்னு ஒரு இன்ஸ்பெக்டர் என்னைப் பாத்து, கெரின், சாஃப்ட்வேர் ஒரு பக்கம் ஓடட்டும், நீயும் ஒரு தடவை கையால பாத்துடேன்னார். அதுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னேன். சரி, உன் இஷ்டம்னு போயிட்டார்.

சோம்பேறித்தனம் இல்லைங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், சின்னக் குழந்தைங்களைக் கெடுத்தவனுங்க கேஸு. ஒவ்வொரு படத்தையும் பாத்து, அதுல என்ன இருக்குன்னு எழுதணும். எழுதினேன். அப்புறம் யாரோட ஃபோல்டரையும் திறக்கக் கை போகல. சாஃப்ட்வேர் குடுக்கற லிஸ்டை மட்டும் படிப்பேன். அழுகையா? அதெல்லாம் வரல. ஒண்ணுமே வரல.

லிஸ்டுல எட்டு ஏரி வந்துச்சு. எல்லாம் அவர் முன்ன போன இடம். எட்டுலயும் தேடினாங்க. வெள்ளிக்கிழமை, மீன் பிடிக்க வந்த வேற யாரோ, வேற ஒரு ஏரிக்கரைல அவரைப் பாத்தாங்க. கால் முறிஞ்சிருக்கு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் எழுதியிருக்கார். அந்தச் சாவைப் பத்தின விசாரணைதான் இன்னிக்கு.

லேப்டாப்பைத் திருப்பி அனுப்பற அன்னிக்கு, ஏன்னு தெரியல, நானே உக்காந்து திறந்தேன். கரண்ட் பில்லெல்லாம் போட்டு வச்சிருந்த ஃபோல்டர்ல ஒரு படம். பென்சில்ல வரைஞ்ச மேப்பு, அவர் கிடந்த அதே ஏரி. கரையோரமா ஒரு பெருக்கல் குறி, பக்கத்துல கிளம்பற தேதி. எழுத்து ஒரே கிறுக்கல், சாஃப்ட்வேரால படிக்க முடியல. தேவையில்லாததுல தள்ளியிருக்கு. நான் கண்டுபிடிக்க எவ்ளோ நேரம்ங்கறீங்க, பதினோரு நிமிஷம்.

இல்ல, யார்கிட்டயும் சொல்லல. என்னென்ன கேப்பாங்கன்னு கோர்ட்லேந்து முன்னாடியே எழுதி அனுப்பியிருக்காங்க, அதுல இது இல்ல.

அங்க ஜன்னல் பக்கம் பச்சைக் கோட்டு போட்டிருக்காங்களே, அவங்கதான் வெண்டி, அவர் மனைவி. கொஞ்சம் முன்ன வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க, இல்லையான்னு கேட்டாங்க.

ஆமாங்கன்னு சொல்லிட்டேன்.